ஓர் அரிசியின் பருமனுக்குள் ஒரு மெஷின்

வாட்ச் ரிப்பேர் கடைக்கு ஊர் எதுவானாலும் அச்சு ஒன்றுதான். திருப்பனந்தாள் கடைத்தெருவானாலும் சரி, பக்கத்து ஆடுதுறை, பந்தநல்லூர், அணைக்கரையானாலும் சரி. ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குள் தலைகுனிந்த விளக்கு, கண்ணில் இடுக்கிக்கொள்ளும் லென்ஸ், நாலு சாமணம், மெஷின் கழுவப் பெட்ரோல் ஊற்றிய ஒரு கிண்ணம். தை பிறந்து, சம்பா அறுவடை முடிந்து, முகூர்த்த நாட்கள் தொடங்கும்போதுதான் பீரோவுக்குள் தூங்கிய வாட்சுகள் வெளியே வரும்.

“ஓடுமா பாருங்கண்ணே.”

“செல் போட்டா ஓடும் தம்பி. இல்லன்னா மெஷின் போயிருக்கும்.”

இப்படி வருபவற்றில் இரண்டு ரகம் அதிகம். ஒன்று, அப்பாவோ தாத்தாவோ கட்டிய எச்.எம்.டி. இன்னொன்று, பெண்வீட்டுச் சீரில் மாப்பிள்ளைக்குப் போட்ட டைட்டன். எச்.எம்.டி.யின் பின்மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு சின்னப் பட்டறையே நடந்துகொண்டிருக்கும். பல்சக்கரங்கள், சிவப்புக் கற்கள், மூச்சு விடுவதுபோல் சுருங்கி விரியும் ஹேர்ஸ்பிரிங். டைட்டனில் ‘எட்ஜ்’ என்றொரு ரகம் உண்டு. அதைத் திறந்தால் பார்க்க ஒன்றுமே இருக்காது. ஒரு தகடு, ஒரு செல், ஓரமாக ஒரு செம்புக்கம்பிச் சுருள். இதற்கா இந்த விலை என்று கேட்கத் தோன்றும்.

அந்த ‘ஒன்றுமில்லாமை’க்குத்தான் விலை. எட்ஜ் முதலில் வந்தபோது கண்ணாடி, கேஸ், பின்மூடி எல்லாம் சேர்த்து அதன் கனம் 3.5 மில்லிமீட்டர். இரண்டு பத்து ரூபாய் நாணயங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் ஏறக்குறைய அந்த உயரம் வரும். உள்ளே இருக்கும் மெஷின் மட்டும் 1.15 மில்லிமீட்டர். டெல்டாக்காரர்களுக்குப் புரிகிற கணக்கில் சொன்னால், ஒரு பொன்னி அரிசியைப் படுக்கப் போட்டால் அரிசிதான் பருமன். 2002-இல் கடைக்கு வந்த இந்த வாட்ச், தண்ணீர் புகாத வாட்சுகளில் உலகிலேயே மெல்லியது என்ற விளம்பரத்தோடு வந்தது. செய்த இடம் சுவிட்சர்லாந்தும் அல்ல, ஜப்பானும் அல்ல. அப்போது தருமபுரி மாவட்டத்தில் இருந்த ஓசூர்.

வாட்ச் வடிவமைப்பு என்றதும் டயலின் நிறம், முள்ளின் வடிவு, வாரின் தோல் என்றுதான் எண்ணம் போகும். அவையெல்லாம் பிற்பாடு வருபவை. ஒரு வாட்சின் முகத்தை முடிவுசெய்வது அதன் வயிறு. மெஷின் என்ன கனமோ, என்ன அகலமோ, அதைச் சுற்றித்தான் மற்றதெல்லாம் அமையும். ஓசூர் ஆலையின் கதை சுவையாக இருப்பது இதனால்தான். முகத்தில் தொடங்கி, பதினைந்து ஆண்டு கழித்து வயிற்றில் கைவைத்த கதை அது.

டைட்டனுக்கு முன்னால் நாட்டில் வாட்ச் என்றால் எச்.எம்.டி. மத்திய அரசின் இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ், ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து 1961-இல் பெங்களூரில் கைக்கடிகார ஆலை தொடங்கியது. ஜனதா, பைலட், கோஹினூர், காஞ்சன், சோனா என்று பெயர்கள். ஜனதா காலையில் ஒருமுறை சாவி கொடுத்தால் மறுநாள் காலைவரை ஓடும். வெள்ளை டயல், மெல்லிய முள், ஆடம்பரம் ஒன்றும் கிடையாது. இன்று பார்த்தாலும் அலுக்காத முகம். பைலட்டுக்குக் கறுப்பு டயல். இருட்டில் பச்சையாக ஒளிரும் எண்களுக்காக அதை ஊரில் ‘ரேடியம் வாட்ச்’ என்றார்கள். பத்தாம் வகுப்பு தேறியதற்கு, வேலை கிடைத்ததற்கு, கல்யாணத்துக்கு, பணி ஓய்வுக்கு எல்லாவற்றுக்கும் எச்.எம்.டி.தான். நினைத்த மாதிரி நினைத்த நாளில் கிடைக்காது என்பது மட்டும்தான் குறை. வேண்டியவர்கள் காத்திருந்தார்கள், காத்திருக்கப் பொறுமையில்லாதவர்கள் கடத்தல் வாட்ச் வாங்கினார்கள். தயாரித்தால் விற்றுவிடும் என்கிற நிலையில் எந்த நிறுவனமும் வடிவமைப்பைப் பற்றி ராத்தூக்கம் கெட்டு யோசிக்காது. எச்.எம்.டி.யும் யோசிக்கவில்லை.

இந்த இடத்தில்தான் தமிழ்நாடு அரசு உள்ளே வருகிறது. மாநிலத்தின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் டாடா குழுமமும் சேர்ந்து 1984-இல் டைட்டன் வாட்சஸ் நிறுவனத்தைப் பதிவுசெய்தன. டாடாவின் பெயரிலிருந்தும் தமிழ்நாட்டின் பெயரிலிருந்தும் எழுத்துகளைப் பிடித்துக் கோத்ததுதான் ‘டைட்டன்’ என்று சொல்வார்கள். டாடா கம்பெனி என்று எல்லோரும் சொல்கிற இந்த நிறுவனத்தில் இன்றைக்கும் தனிப்பெரும் பங்குதாரர் டிட்கோதான், கால் பங்குக்கும் மேல். ஒரு சின்னக் கணக்குப் போட்டால், மாப்பிள்ளைக்கு வாங்கும் டைட்டனின் லாபத்தில் ஒரு கிள்ளு பெண்வீட்டார் வரி கட்டும் அரசுக்கே போய்ச் சேர்கிறது.

தலைமையேற்றவர் ஜெர்க்சிஸ் தேசாய். ஆக்ஸ்போர்டில் படித்த பார்சிக்காரர். வாட்ச் தொழிலுக்குப் புதியவர். பிரான்சின் எபாஷ் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு அவர் எடுத்த முதல் பெரிய முடிவு, சாவி கொடுக்கும் வாட்சை விட்டுவிட்டுக் குவார்ட்ஸின் பக்கம் சாய்வது. அன்றைய இந்தியச் சந்தையில் சாவி வாட்சுகளே நிறைந்திருந்தன. செல் தீர்ந்தால் கிராமத்தில் யார் மாற்றுவார் என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் உலகம் திரும்பிவிட்டிருந்தது. 1969 கிறிஸ்துமஸ் அன்று ஜப்பானின் சைகோ முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டதிலிருந்து பத்துப் பதினைந்து ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தின் வாட்ச் ஊர்கள் பாதி காலியாகிவிட்டன.

குவார்ட்ஸ் வேலை செய்யும் விதம் எளிது. உள்ளே இசைக்கவை போல வெட்டிய படிகத் துண்டு ஒன்று. செல்லிலிருந்து மின்சாரம் போனதும் அது விநாடிக்கு 32,768 தடவை அதிரும். ஏன் இந்த விசித்திர எண்? இரண்டைப் பதினைந்து முறை பெருக்கினால் வருவது அது. ஒரு சில்லு அந்த அதிர்வைப் பாதி, அதில் பாதி, அதிலும் பாதி என்று பதினைந்து தடவை வகுத்தால் மிஞ்சுவது விநாடிக்கு ஒரே ஒரு துடிப்பு. அந்தத் துடிப்பு செம்புச் சுருளுக்குப் போகும், சுருள் ஒரு குட்டிக் காந்தத்தை அரைச்சுற்று தள்ளும், காந்தம் பல்சக்கரத்தைத் தள்ளும், முள் நகரும். ஹேர்ஸ்பிரிங் இல்லை, பெரிய ஸ்பிரிங் இல்லை. ஆகவே இடம் மிச்சம். ஆனால் ஆரம்ப காலத்தில் அந்த மிச்சத்தை யாரும் பெரிதாகக் கொண்டாடவில்லை. துல்லியத்தைத்தான் கொண்டாடினார்கள்.

டைட்டன் துல்லியத்தைக்கூட அவ்வளவாகப் பேசவில்லை. 1987-இல் வாட்சுகள் கடைக்கு வந்தபோது அது பேசியது அழகைப் பற்றி. பத்திரிகை விளம்பரத்தில் ஒரே பக்கத்தில் வரிசை வரிசையாக மாடல்கள், புடவைக் கடை விரித்துக் காட்டுவதுபோல. அதுவரை வாட்ச் வாங்கப் போனால் கண்ணாடி மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் எடுத்துக் கொடுப்பதுதான் வாட்ச். டைட்டனோ தனக்கென்று ஷோரூம் திறந்து, வெளிச்சம் போட்டு, உள்ளே வந்து எடுத்துக் கட்டிப் பாருங்கள் என்றது. தொலைக்காட்சியில் மோட்சார்ட்டின் இருபத்தைந்தாம் சிம்பொனியிலிருந்து ஒரு துண்டு ஒலித்தது. மோட்சார்ட் அதை எழுதியது பதினேழு வயதில். அந்த மெட்டைக் கேட்டால் இன்றைக்கும் தஞ்சாவூர் ஜில்லாவில் நாற்பது வயதைத் தாண்டியவர் யாரும் ‘டைட்டன் மியூசிக்’ என்றுதான் சொல்வார். மோட்சார்ட்டை யாரும் நினைப்பதில்லை.

இதையும் வடிவமைப்பு என்றே சொல்ல வேண்டும். வாட்ச் என்ற பொருளை நேரம் பார்க்கும் கருவி என்ற இடத்திலிருந்து பெயர்த்து, மோதிரம், சங்கிலி பக்கத்தில் கொண்டுபோய் வைத்தது டைட்டன். கல்யாணப் பட்டியலில் பவுனுக்கும் பட்டுவேட்டிக்கும் நடுவே அதற்கு ஓர் இடம் கிடைத்தது. பொன்நிறக் கேஸ், பொன்நிறச் செயின், மணப்பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரே மாதிரி ஜோடி. பெண்களுக்கென்று ராகா என்ற வரிசை தனியாக வந்தது. அதில் நேரம் பார்ப்பது சற்று சிரமம், வளையல் மாதிரி இருப்பதுதான் முக்கியம். குறை சொல்பவர்கள் சொல்லலாம். வாங்கியவர்கள் நேரத்துக்காக வாங்கவில்லை.

ஓசூரில் அந்த வாட்சுகளைக் கோத்தவர்கள் யார் என்பது தனிக்கதை. ஆலை தொடங்கிய நாளில் வாட்ச் வேலை தெரிந்தவர்கள் ஓசூரில் கிடையாது. தமிழ்நாட்டுச் சிற்றூர்ப் பள்ளிகளில் பிளஸ் டூ முடித்த, ஊரைவிட்டு அதிகம் வெளியே போகாத பிள்ளைகளைத் தேர்ந்து அழைத்து வந்து நிறுவனமே பழக்கியது. வாட்ச் கோக்கும் வேலைக்குப் பட்டத்தைவிடக் கையடக்கம் முக்கியம். தும்மினால் காணாமல்போகும் திருகாணியைச் சாமணத்தில் பிடித்து வைக்க வேண்டும். பிற்பாடு மைராடா என்ற தொண்டு நிறுவனம் துணைநிற்க, சுற்றுவட்டாரக் கிராமப் பெண்கள் ‘மெடோ’ என்ற பெயரில் தங்களுக்கென்றே ஒரு கம்பெனி அமைத்து, டைட்டனுக்குச் செயின் கோத்துக் கொடுக்கத் தொடங்கினார்கள்.

இந்தக் கைகளை நம்பித்தான் தேசாய் தொண்ணூறுகளில் அந்தக் கேள்வியைக் கேட்டார்: உலகத்தில் யாரும் செய்யாத அளவுக்கு மெல்லியதாக, ஆனால் தினசரி கட்டிக்கொள்ளக்கூடியதாக ஒரு வாட்சை நம்மால் செய்ய முடியுமா?

மெல்லிசுப் போட்டி புதிதல்ல. எழுபதுகளின் கடைசியில் சுவிஸ்காரர்களும் ஜப்பானியரும் இதில் மல்லுக்கட்டியிருந்தார்கள். 1979 ஜனவரியில் சுவிஸ் நிறுவனமான கான்கார்ட், டெலிரியம் என்ற பெயரில் 1.98 மில்லிமீட்டரில் ஒரு குவார்ட்ஸ் வாட்சைக் காட்டியது. உத்தி மிக எளியது. வழக்கமாக மெஷினைத் தனியாக ஒரு தகட்டில் கோத்து, அதைக் கேஸுக்குள் வைத்து, பின்னால் ஒரு மூடி போடுவார்கள். டெலிரியத்தில் தகடே கிடையாது, பின்மூடிதான் தகடு. அதன்மேலேயே சக்கரங்களை நட்டுவிட்டார்கள். போட்டி முற்றி ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே போனார்கள். கையில் கட்டினால் வளைந்துபோகும் என்ற நிலை வந்தது. பந்தயத்தில் ஜெயித்த வாட்ச் பீரோவுக்குத்தான் லாயக்கு. ஆனால் அந்த உத்தி வீண்போகவில்லை. அதே ‘கேஸே தகடு’ வழியில், பொன்னுக்குப் பதில் பிளாஸ்டிக்கைப் போட்டு, 51 உறுப்புகளுக்குள் ஒரு வாட்சை அடக்கி 1983-இல் ஸ்வாட்ச் என்று இறக்கினார்கள். சுவிஸ் வாட்ச் தொழிலே அதைப் பிடித்துக்கொண்டுதான் கரையேறியது. ஆலைக்குள் அந்தத் திட்டத்துக்கு வைத்திருந்த பெயர் ‘டெலிரியம் வல்காரே’, அதாவது பாமரர் டெலிரியம்.

ஓசூர்க்காரர்களுக்கு இருந்த கூடுதல் தொல்லை தண்ணீர். டெல்டாவில் இதை விளக்கவே வேண்டாம். நாற்றங்காலில் இறங்குகிறவர் வாட்சைக் கழற்றிச் சட்டைப் பையிலோ இடுப்பிலோ செருகிக்கொள்வார். மறந்து கையோடு இறங்கினால் மாலைக்குள் கண்ணாடிக்கு உள்ளே ஆவி கட்டும். ஆடி மாதப் புழுக்கத்தில் வியர்வையே போதும். விருந்துக்கு மட்டும் கட்டிப் போகும் சுவிஸ் மெல்லிசு வாட்சுக்கு இந்தக் கவலை கிடையாது. இந்தியக் கைக்கு அது ஆகாது என்பது தேசாய்க்குத் தெரிந்திருந்தது.

எட்ஜுக்கு வைத்த இலக்கு 30 மீட்டர். இதைப் பார்த்துவிட்டுக் கொள்ளிடத்தில் குதிக்கக் கூடாது. கைகழுவல், மழை, வியர்வை தாங்கும் என்பதுதான் நடைமுறைப் பொருள். ஆனால் சோதனையில் 30 மீட்டர் தண்ணீரின் அழுத்தத்தைத் தாங்கியாக வேண்டும். சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய மூன்று கிலோ. மூன்று சென்டிமீட்டர் குறுக்களவுள்ள கண்ணாடி என்றால் மொத்தமாக இருபது கிலோவுக்கு மேல். கிட்டத்தட்ட ஓர் அரிசிச் சிப்பத்தைக் கண்ணாடியின்மேல் நிறுத்திவைத்ததுபோல. கனமான வாட்சில் கண்ணாடியும் கனமாக இருக்கும், கொஞ்சம் உள்வாங்கினாலும் முள்ளில் படாது. மெல்லிய வாட்சில் கண்ணாடிக்கும் முள்ளுக்கும் நடுவே இருப்பது தலைமயிர் போகும் சந்து. கண்ணாடி இம்மி அமுங்கினால் முள் நின்றுவிடும். தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கும் ரப்பர் வளையத்துக்கும் இடம் வேண்டும். பக்கவாட்டில் நேரம் திருத்தும் திருகின் தண்டுக்கு ஓட்டை போட வேண்டும்; அந்தத் தண்டே மெஷினின் கனத்தில் பெரும்பங்கைத் தின்னும்.

ஆக, வேலை முழுக்கக் கழித்தல்தான். செல் மெலிய வேண்டும். மெலிந்த செல்லில் மின்சாரம் குறைவாகத்தான் தங்கும். அதற்குத் தக்கபடி மோட்டார் சிக்கனமாகச் சுழல வேண்டும். முதல் எட்ஜுக்கு இரண்டே முள். விநாடி முள் வைத்தால் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று முள் அடுக்க வேண்டும், உயரம் ஏறும். அது போனால் உயரமும் குறையும், ஒவ்வொரு விநாடியும் துடிக்க வேண்டிய கட்டாயமும் போகும். இப்படி ஒன்றைத் தொட்டால் இன்னொன்று இளகும், இன்னொன்று முறுக்கும். நான்கு ஆண்டு போயிற்று. சிக்கனக்காரக் குடித்தனத்தில் மாதக் கடைசியில் செலவைப் பார்த்துப் பார்த்து இழுத்துப்பிடிப்பது போன்ற பொறியியல் இது.

வயிறு இப்படிச் சுருங்கிய பிறகு முகம் தானாக வந்தது என்றுகூடச் சொல்லலாம். அப்போது டைட்டனின் வடிவமைப்புக் குழுவில் இருந்த மைக்கேல் ஃபோலி எட்ஜுக்குக் கொடுத்தது மிக வெறுமையான முகம். எண்கள் கிடையாது, மெல்லிய கோடுகள்தான், நகாசு கிடையாது. அதுவரை பொன்நிறச் செயினும் கல்பதித்த டயலுமாக விற்ற நிறுவனத்துக்கு இது தலைகீழ்த் திருப்பம். ஆனால் வேறு வழியும் இல்லை. 3.5 மில்லிமீட்டர் வாட்சுக்கு மேல் பூவேலை செய்தால் அந்த மெல்லிசு கண்ணில் படாது. கையில் கட்டியிருப்பவரே சில நேரம் கட்டியிருப்பதை மறந்துவிடும் வாட்ச் அது. அதற்கு உரக்கப் பேசும் டயல் பொருந்தாது. (இதே ஃபோலிதான் பின்னாளில் 2010 தில்லி காமன்வெல்த் போட்டியின் தொடரோட்டக் கோலையும் வடிவமைத்தார்.)

மெல்லிசுப் பந்தயத்துக்கு முடிவு ஏது? எந்திர வாட்சுகளில் இத்தாலியின் புல்காரி 2022-இல் 1.8 மில்லிமீட்டரைத் தொட்டது. அதே ஆண்டு ரிஷார் மில் 1.75 என்றது. 2024-இல் ரஷ்யாவின் கான்ஸ்டான்டின் சாய்கின் 1.65 என்று வந்து நின்றார். அவற்றின் விலையில் டெல்டாவில் நல்ல தண்ணீர்ப் பாய்ச்சலோடு நஞ்சை நிலமே வாங்கலாம்.

மெஷினே இல்லாத கடிகாரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஐரோப்பா போக வேண்டாம். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் திருவிசநல்லூர் சிவயோகிநாதர் கோயில் மதிலில் ஒரு சூரியக் கடிகாரம் இருக்கிறது. கருங்கல்லில் அரைவட்டம், நடுவே ஓர் உலோக ஆணி. சோழர் காலத்தது என்பார்கள். ஆணியின் நிழல்தான் முள். நிழலுக்குப் பருமன் ஏது? செல் மாற்ற வேண்டாம், தண்ணீர் புகுமா என்ற கேள்வியே இல்லை. ஆனால் அதில் நேரம் பார்த்துக் கும்பகோணத்தில் ரயில் பிடிக்க முடியாது. இந்தியாவின் பொது நேரம் கிழக்குத் தீர்க்கரேகை 82.5 பாகையை ஒட்டியது. திருவிசநல்லூரும் திருப்பனந்தாளும் இருப்பது ஏறக்குறைய 79.45 பாகையில். கணக்குப்படி சராசரியாக 12 நிமிடம், சரியாக அரை நாழிகை, நிழல் பின்தங்கும். அதுவும் ஆண்டு முழுக்க ஒரே சீராக அல்ல. பிப்ரவரி நடுவில் 26 நிமிடம் வரை பின்தங்கி, நவம்பர் தொடக்கத்தில் மூன்று நான்கு நிமிடம் முந்தும். 17-ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் காசியில் தொடங்கிய மடத்தின் தலைமையிடம் இன்று திருப்பனந்தாளில் இருக்கிறது. காசியில் உச்சிப்பொழுது ஆகிச் சுமார் 14 நிமிடம் கழித்துத்தான் திருப்பனந்தாளில் சூரியன் உச்சிக்கு வரும். இரண்டு ஊருக்கும் ஒரே நேரத்தைக் காட்டுவது கைக்கடிகாரத்தின் சௌகரியம். அந்தந்த ஊரின் நேரத்தைக் காட்டுவது சுவரின் பிடிவாதம்.

ஊரை வாட்சுக்குள் கொண்டுவர வேறு வழி தேடுகிறவர்கள் இப்போது கிளம்பியிருக்கிறார்கள். பெரிய குழுமம் எதையும் சாராத சின்ன நிறுவனங்கள். ஜெய்ப்பூர் வாட்ச் கம்பெனியை 2013-இல் தொடங்கிய கௌரவ் மேத்தா, பழைய நாணயங்களையே டயலாக்கினார். நிருபேஷ் ஜோஷி, மெர்சி அமல்ராஜ் தம்பதி 2018-இல் தொடங்கிய பெங்களூர் வாட்ச் கம்பெனி, விமானப்படையின் மிக்-21, கிரிக்கெட், விண்வெளி ஆய்வு என்று இந்தியக் கதைகளை டயலில் சொல்கிறது. இவர்களுடைய வழி டைட்டனுக்கு நேர் எதிர். மெஷினை சுவிட்சர்லாந்திலோ வேறெங்கோ வாங்கிக்கொள்ளலாம். கதையும் முகமும் நம்முடையது.

அமெரிக்காவிலும் இப்படிச் சின்ன நிறுவனங்கள் உண்டு. ஒரு காலத்தில் வாட்ச் தொழிலின் தலைமையே அங்கேதான் இருந்தது. பொதுவான உறுப்புகளை எந்திரத்தில் வெட்டி, எந்த வாட்சுக்கும் எதையும் பொருத்தலாம் என்ற முறையை வால்தம் நிறுவனம் 1850-களிலிருந்து வளர்த்தெடுத்தது. 1876 பிலடெல்பியா கண்காட்சியில் அதைக் கண்டு சுவிஸ்காரர்கள் அரண்டு போனார்கள். பிறகு அந்த ஆலைகள் ஒவ்வொன்றாய் மூடின. பென்சில்வேனியாவில் ஹாமில்டன் ஆலை இருந்த லங்காஸ்டர் பகுதியிலேயே 1992-இல் ரோலண்ட் மர்பி என்பவர் ஆர்.ஜி.எம். என்ற சின்னப் பட்டறையைத் தொடங்கினார். நூறாண்டு பழைய கைச்சுற்று எந்திரங்களில் டயலுக்குக் கோலம்போல் நுண்கோடு செதுக்குகிறார்கள். பல ஆண்டுகள் கழித்துத் தங்கள் சொந்த மெஷினையே செய்துவிட்டார்கள். அதன் தோற்றம் பழைய அமெரிக்கப் பாக்கெட் கடிகாரங்களை நினைவூட்டுவது. முகத்தில் கதை சொல்வதோடு நிற்காமல் வயிற்றையும் தாமே செய்ய வேண்டும் என்ற வீம்பு. இந்தியச் சின்ன நிறுவனங்கள் இன்னும் அந்தப் படிக்கு வரவில்லை. வந்தால்தான் அவற்றின் முகத்துக்கும் தனிக்களை வரும். மிக்-21 விமானம் டயலில் எவ்வளவு அழகாக இருந்தாலும், பின்மூடிக்கு உள்ளே ஓடுவது இன்னொருவருடைய வாட்ச்தான்.

எச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை 2016 ஜனவரியில் ஒப்புதல் கொடுத்தது. அதே ஆண்டு ஜூனில் தேசாய் காலமானார். மூடியதும் எச்.எம்.டி.க்கு வந்த மவுசு, ஓடியபோது வந்ததில்லை. ஜனதாவையும் பைலட்டையும் தேடி நகரத்து இளைஞர்கள் சின்ன ஊர்களின் ரிப்பேர் கடைகளுக்கு வருகிறார்கள். தேவை கூடினால் சரக்கும் ‘தயாராகும்’: பழைய மெஷினில் புது டயல் அச்சடித்து, ஆலை ஒருபோதும் விடாத ஆரஞ்சு, ஊதா நிறங்களில் பைலட் விற்கிறார்கள். தெரிந்தவர்கள் பெயர் எழுதிய எழுத்தின் ஒழுங்கைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

ரிப்பேர் கடைக்காரருக்கு எந்த வாட்ச் பிடிக்கும் என்று கேட்டால் பதில் பெரும்பாலும் எச்.எம்.டி.தான். அதில் அவருக்கு வேலை இருக்கிறது. பிரிக்கலாம், கழுவலாம், எண்ணெய் வைக்கலாம், செத்துப்போன இன்னொரு ஜனதாவிலிருந்து சக்கரம் எடுத்துப் போடலாம். எட்ஜ் நின்றுபோனால் முதலில் செல். செல் இல்லையென்றால் மெஷினையே மாற்றச் சொல்லி கும்பகோணத்து ஷோரூமுக்கு வழி சொல்வார். ஆனால் எட்ஜ் கையில் வந்ததும் லென்ஸைத் துடைத்துக்கொள்வார். மேசையில் இருக்கும் மற்றதையெல்லாம் ஓரம் தள்ளுவார். சாமணத்தின் நுனி சற்று அழுந்தினாலும் செம்புச் சுருள் அறுந்துபோகும் என்பது அவருக்குத் தெரியும். பழைய செல்லை நெம்பி எடுத்து, புதியதை வைத்து, கண்ணெடுக்காமல் முள்ளைப் பார்ப்பார். விநாடி முள் கிடையாதல்லவா. ஓடுகிறதா இல்லையா என்று தெரிய ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். வாடிக்கையாளரும் குனிந்துகொள்வார். இரண்டு பேரும் பேசாமல் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

“நகருது.”

பின்மூடியை விரலால் அழுத்தி மூடிவிட்டு, எதிரே இருக்கும் மொபைலைப் பார்த்து நேரம் வைத்துக் கொடுப்பார்.